ரத்தம் போனாலே மூலமா?

மலத்தில் ரத்தம் என்றாலே "பைல்ஸ்தான், உடம்புச் சூடு, மோர் குடி" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மூலத்தில் பொதுவாக மலம் போனபின் பளிச்சென்ற ரத்தம் சொட்டும், பேதி இருக்காது. ரத்தத்தோடு சளியும் கலந்து, நாளைக்கு ஆறேழு தடவை ஓட வேண்டியிருந்து, போய் வந்தும் பாக்கி இருப்பதுபோல் முக்கத் தோன்றி, வாரக்கணக்கில் இழுத்தால் அது வேறு சங்கதி, குடல் உள்ளே வீங்கிப் புண்ணாகும் குடல் அழற்சி நோயாக இருக்கலாம். சீதபேதி என்று நினைத்து மெடிக்கலில் மெட்ரோனிடசோல் வாங்கி, இரண்டு மூன்று கோர்ஸ் முடித்துவிட்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் இளவயதுக்காரர்கள்.

இந்தக் குடல் அழற்சி நோயில் முக்கியமாக இரண்டு வகை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் பெருங்குடலில் மேலே ஏறும். உள்சவ்வைத்தான் புண்ணாக்கும், ரத்தமும் அவசரமும் அதனால்தான்.

குரோன்ஸ் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். அதிகம் தாக்குவது சிறுகுடலின் கடைசிப் பகுதியை. விட்டுவிட்டு, குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். குடல் சுருங்கி அடைப்பும் வரலாம். சாப்பிட்டபின் வலது அடிவயிற்றில் வலி, எடை குறைவு, விட்டுவிட்டுக் காய்ச்சல். ரத்தமே போகாமலும் இருக்கலாம். அறுவை செய்தும் பௌத்திரம் (ஆசனவாய் அருகே சீழ் வடியும் துளை) திரும்பத் திரும்ப வந்தால் குரோன்ஸைச் சந்தேகிக்க வேண்டும்.

நம் நாட்டில் இதில் ஒரு சிக்கல். குடல் காசநோயும் அதே இடத்தில், ஏறக்குறைய அதே அறிகுறிகளோடு வரும். குரோன்ஸுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைப்பதால், காசநோயாளிக்குக் காசநோய் மருந்து இல்லாமல் அதைத் தனியாகக் கொடுத்தால் ஆபத்து. கொலனோஸ்கோப்பி (கேமரா குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பது) செய்து சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தும் சிலருக்கு முடிவு சொல்ல முடியாது. முதலில் காசநோய் மருந்து கொடுத்து, சில மாதங்களில் புண் ஆறுகிறதா என்று மறுபடி உள்ளே பார்ப்போம். "டாக்டருக்கே தெரியலையா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், அவசரப்படுவதைவிட இது மேல்.

மூட்டு வலிக்கு ஒரு டாக்டர், கண் சிவப்புக்கு இன்னொருவர், வாய்ப்புண்ணுக்கு வைட்டமின் மாத்திரை என்று அலைகிறவர்கள், வயிற்றுப்போக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லாம் இந்த ஒரே குடல் அழற்சி நோயின் வேலையாக இருக்கலாம். மூட்டுக்கு நீங்களாக வாங்கிப் போடும் வலி மாத்திரை குடல் புண்ணைக் கிளறிவிடவும் கூடும்.

இன்னொன்று, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கை "டென்ஷன்" என்று தள்ளாதீர்கள். எரிச்சல் குடல் என்கிற ஐபிஎஸ் தொந்தரவு பொதுவாக ராத்திரியில் எழுப்பாது. ரத்தம் போகவைக்காது, எடையையும் குறைக்காது. சந்தேகமாக இருந்தால் மலத்தில் கால்புரோடெக்டின் என்கிற புரதம் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை போதும், குடலில் அழற்சி உண்டா என்று ஓரளவு தெரிந்துவிடும்.