கேட் பட்டறைக்கு மானியக் கடன்: மெஷின் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சேலம் கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். பன்னிரண்டு வருடம் இன்னொருவர் பட்டறையில் கிரில் கேட் அடித்தவர். மஞ்சப்பையிலிருந்து உத்யம் சான்றிதழை, அதாவது மத்திய அரசின் சிறுதொழில் பதிவுத் தாளை, எடுத்து மேசைமேல் வைத்தார். லேமினேட் செய்து பளபளவென்று இருந்தது. ஏஜென்ட் ஒருவரிடம் 2,500 ரூபாய் கொடுத்து வாங்கியது. அதே பையில் இன்னொரு தாள், மானியக் கடன் மனு தள்ளுபடியான தாள். காரணம் ஒரே வரி: ஏற்கெனவே இயங்கும் தொழில்.

அந்த லேமினேட் தாளேதான் அவரைக் கவிழ்த்தது.

உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. ஆதார் எண்ணும் பான் எண்ணும் ஆதாரோடு இணைத்த போனும் இருந்தால் நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவில் தொழில் தொடங்கிய தேதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. நேற்றைய தேதி போட்டாலும் நீங்கள் பழைய தொழில்காரர்தான். பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமோ புதிதாகத் தொடங்குபவருக்கு மட்டும். ஆகவே முதலில் கடன் ஒப்புதல், பிறகு மெஷின், பிறகு உத்யம். ஏஜென்டுகள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். அவர்களுக்குக் காசு வருவது முதல் தாளில்.

திட்டத்தின் கதை சுருக்கமாக: 2008ல் பழைய இரண்டு திட்டங்களைச் சேர்த்து உருவாக்கியது. சேலத்தில் மாவட்டத் தொழில் மையம், அதாவது டி.ஐ.சி., வழியாக மனு போகும். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு போடலாம். கேட், கைப்பிடி செய்கிற பட்டறைக்கு அதில் கால்வாசியே அதிகம். 2022ல் இந்தத் திட்டத்தை 2025-26 வரைதான் நீட்டித்தார்கள். அதனால் எதற்கும் அலையும் முன், போர்ட்டலில் புது மனு எடுக்கிறார்களா என்று டி.ஐ.சி.யில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மனு போட கட்டணம் கிடையாது, ஏஜென்ட் என்று யாரையும் அரசு நியமிக்கவும் இல்லை.

அடுத்த வலை, தொழிலின் பெயர். 'வெல்டிங் ஒர்க்ஸ்' என்று எழுதிக் கொடுத்தால், ரிப்பேர் வேலை என்று நினைத்து சேவைத் தொழிலில் தள்ளிவிடுவார்கள். உச்சவரம்பு உடனே 20 லட்சமாக இறங்கும். அது போகட்டும், அந்த அளவுக்கு யாரும் போவதில்லை. வலி வேறு இடத்தில். உற்பத்தி என்றால் 10 லட்சத்துக்கு மேல் போனால்தான் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்க வேண்டும். சேவை என்றால் 5 லட்சத்தைத் தாண்டினாலே கேட்பார்கள். ஆறாவதோடு பள்ளியை விட்டு பட்டறைக்கு வந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! கதவு, ஜன்னல், ஷட்டர், கேட் தயாரிப்புக்குத் தனி தொழில் குறியீடே இருக்கிறது: 25111. மனுவில் அதையே போடுங்கள். 8 லட்சத்து மனுவுக்குப் பள்ளி டி.சி. எங்கே என்று யாராவது கேட்டால், எந்த விதியில் இருக்கிறது என்று பணிவாகத் திருப்பிக் கேளுங்கள்.

மானியக் கணக்கு பட்டறை இருக்கும் இடத்தைப் பொறுத்தது, உங்கள் வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்தது அல்ல. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் எல்லாம் சிறப்புப் பிரிவு: கிராமத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25. சொந்தப் பணம் 5 சதவீதம் போதும். பொதுப்பிரிவுக்கு 25, 15. சொந்தப் பணம் 10. பனமரத்துப்பட்டிப் பக்கம் ஏதோ ஒரு கிராம ஊராட்சியில் வீடு, அம்மாப்பேட்டையில் வாடகை ஷெட் என்றால் அது நகரக் கணக்கு. 8 லட்சத்துக்கு 2.80 லட்சம் எதிர்பார்த்தவர் கையில் 2 லட்சம்தான் நிற்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஷெட் மாநகராட்சி எல்லைக்கு உள்ளா வெளியா என்று பாருங்கள்.

"மனைவி பெயரில் போடுங்கள், மானியம் கூடும்" என்பது அடிக்கடி கேட்கும் ஆலோசனை. நீங்கள் பி.சி.யோ எம்.பி.சி.யோ என்றால் ஏற்கெனவே சிறப்புப் பிரிவில்தான் இருக்கிறீர்கள். ஒரு ரூபாய்கூட அதிகம் கிடைக்காது. கணவன் மனைவி இருவரும் ஒரே குடும்பம், குடும்பத்துக்கு ஒருவர்தான். வெல்டிங் தெரியாத மனைவியை வங்கியில் உட்கார வைத்து ஆங்கிள் என்ன விலை, ஸ்கொயர் பைப் என்ன கேஜ் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

புராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கடையில் ரெடிமேடாக வாங்காதீர்கள். நம் தொழிலில் மெஷின் செலவு குறைவு: வெல்டிங் மெஷின், கட்டிங் மெஷின், கிரைண்டர், டிரில்லிங், பெயின்ட் அடிக்க கம்ப்ரெஸர். பணத்தை விழுங்குவது செவ்வாப்பேட்டையில் வாங்கும் இரும்பு. ஆனால் உற்பத்தித் திட்டத்தில் நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கித் தொழிலை ஓட்டும் பணம், மொத்தத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதற்காக மெஷின் விலையை ஏற்றி எழுதுவார்கள். பிறகு நேரில் பார்க்க வருகிறவர் ரிப்போர்ட்டில் உள்ள மெஷினைத் தேடுவார். நிலத்தின் விலையைச் சேர்க்க முடியாது. ஷெட் வாடகையை மூன்று வருடம் வரை சேர்க்கலாம்.

வங்கிதான் பெரிய வாசல். டி.ஐ.சி. மனுவை அனுப்பிவிட்டு "எங்கள் வேலை முடிந்தது" என்று சொல்லும். வங்கி "அங்கே கேளுங்கள்" என்று சொல்லும். இந்தப் பந்து விளையாட்டைத் தவிர்க்க ஒரே வழி, மனுவில் கிளையைக் குறிப்பிடும் முன் உங்களுக்குக் கணக்கு இருக்கும் கிளையின் மேலாளரைப் பார்த்துப் பேசுவது. பைக் கடன், போன் தவணை எதுவும் நிலுவையில் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். சிபில், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் மதிப்பெண், பார்க்காத மேலாளர் கிடையாது. 8 லட்சம் போன்ற சிறு தொழில் கடனுக்கு அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இருந்தும் "நிலப்பத்திரம் இருக்கா?" என்பார்கள். வாதாட வேண்டாம். "அதை எழுத்தில் கொடுங்க சார்" என்று சொல்லிப் பாருங்கள், குரல் மாறும். மாறாவிட்டால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் இருக்கிறார். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளும் இருக்கிறது. மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

இந்த இழுபறியில் மாதங்கள் ஓடும். சும்மா இருக்க மனம் வராது, வீட்டுக் கரண்டில் வெல்டிங் மெஷினை மாட்டி ஒரு ஏற்காடு எஸ்டேட் கேட்டை முடித்துக் கொடுக்கத் தோன்றும். வேண்டாம். பிடிபட்டால் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம். எப்போது தொடங்கினீர்கள் என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குச் சேர்த்துப் போடுவார்கள். கூடவே, தொழில் ஏற்கெனவே நடக்கிறது என்பதற்கு மின்வாரியமே சாட்சி. இப்போதைக்கு முதலாளி பட்டறையிலேயே கூலிக்கு அடியுங்கள்.

ஒப்புதல் வந்த பிறகும் மானியம் கைக்கு வராது. தொழில்முனைவோர் பயிற்சி முடித்தாக வேண்டும், அதன் பிறகே வங்கி மானியம் கோரும். வந்த தொகை உங்கள் பெயரில் மூன்று வருடம் வங்கியில் பூட்டிக் கிடக்கும். அதற்கு வட்டி கிடையாது. அந்த அளவு கடனுக்கும் வட்டி போடக்கூடாது. முதல் ஆறு மாத ஸ்டேட்மென்டை எடுத்து இதைச் சரிபாருங்கள். நடைமுறை மூலதன வரம்பை மூன்று வருடத்துக்குள் ஒரு முறையாவது முழுதாக எடுத்திருக்க வேண்டும், சராசரிப் பயன்பாடும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. கடனுக்குப் பயந்து கணக்கைத் தொடாமல் வைத்திருந்த நாணயஸ்தர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். குறைந்த பங்குக்கு மானியத்தைத் திரும்பப் பிடிப்பார்கள்.

மூன்று வருடம் முடிந்ததும் தானாகக் கடனில் கழியும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். தேதியைப் பட்டறைச் சுவரிலேயே சாக்பீஸால் எழுதி வையுங்கள். நேரில் பார்த்து ஒப்புதல் கொடுக்க ஆள் வந்தால்தான் அது கழியும். அவர் வருகிற அன்று போர்டு வாசலில் இருக்கட்டும், மெஷின் ஓடிக்கொண்டிருக்கட்டும்.