ஹோம் தனியாக இருந்தால் போதுமா? லினக்ஸ் வழங்கல் மாற்றுவோர் கவனத்துக்கு

"டிஸ்க்கை அழித்துப் புதிய லினக்ஸ் நிறுவிவிட்டேன், பழைய கோப்புகளை எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டு மடிக்கணினியை நீட்டுபவர்கள் எங்கள் பணிமனையில் குறைந்தபாடில்லை. கடைசியாக வந்த ஆய்வு மாணவர் உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கலிலிருந்து (லினக்ஸை நிறுவத் தயாராகத் தரும் தொகுப்பு) ஃபெடோரா என்ற வேறொரு வழங்கலுக்கு மாறியிருந்தார்; ஆய்வேட்டின் வரைவுகளும் அளவீட்டுத் தரவுகளும் இருந்தது அந்த ஒரே எஸ்எஸ்டியில்தான் (சுழலும் தட்டு இல்லாத மின்னணு டிஸ்க்). பேக்கப் எங்கே என்றதற்கு, "லினக்ஸில் ஹோம் தனியாகத்தானே இருக்கும், அது போகாது என்றார்களே" என்றார். இப்படிச் சொல்லி அனுப்பியவர் யார் என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு நண்பர் இருக்கிறார்.

ஹோம் என்பது உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் அடைவு, அதாவது ஃபோல்டர்; அடைவாக இருப்பதால் மட்டும் அது தனிப் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) ஆகிவிடாது. உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட் என்ற வழங்கலையோ எதையும் மாற்றாமல் நிறுவினால், இயங்குதளத்தின் கோப்புகளும் உங்கள் கோப்புகளும் ஒரே பார்ட்டிஷனில்தான் குடியிருக்கும். ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன், 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து பட்டர்எஃப்எஸ் கோப்பு முறைமையை (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) இயல்பாகப் பயன்படுத்துகிறது. அதில் ஹோம் தனித் துணைத்தொகுதியாகத் தெரிந்தாலும் அது இருப்பதும் அதே பார்ட்டிஷனுக்குள்தான் என்பதால், அதை பார்மட் செய்தால் இரண்டும் சேர்ந்தே போகும். நிறுவும்போது நீங்களே கைப்படப் பிரித்திருந்தால் மட்டுமே உங்கள் ஹோம் தனி. அப்படிப் பிரித்திருந்தாலும், "முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவுக" என்ற தேர்வை அழுத்திய பிறகு அந்தப் பிரிவினைக்கு எந்த மதிப்பும் இல்லை. தனி ஹோம் மறு நிறுவலை எளிதாக்கும் ஒரு வசதி, அவ்வளவே. டிஸ்க் பழுதானாலும் மடிக்கணினி களவுபோனாலும் அதுவும் கூடவே போய்விடும் என்பதை எத்தனை முறை சொல்வது?

இரண்டாவது நம்பிக்கை, பார்மட் செய்தாலும் மீட்டுவிடலாம் என்பது. சுழலும் ஹார்டு டிஸ்க்குகளின் காலத்தில் இது பெருமளவு உண்மை. டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற கருவிகளால் நிறையவே மீட்டிருக்கிறோம். இன்று, எக்ஸ்ட்4, பட்டர்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகளை பார்மட்டின்போது உருவாக்கும் கருவிகள் இயல்பாகவே "இந்தப் பகுதி முழுவதும் இனி தேவையில்லை" என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகின்றன. அதன் பிறகு படித்தால் பெரும்பாலும் வெறும் சுழியங்களே கிடைக்கும். மறையாக்கம் செய்த டிஸ்க் (கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி பூட்டியது) என்றால் நிலைமை இன்னும் மோசம். "கடவுச்சொல் நினைவிருக்கிறது" என்று நிம்மதியோடு வருகிறார்கள். அந்தக் கடவுச்சொல் திறப்பது, லினக்ஸின் மறையாக்க முறையான லக்ஸ் டிஸ்க்கில் எழுதும் தலைப்பகுதியில் பூட்டி வைத்திருக்கும் முதன்மைச் சாவியை. தலைப்பகுதி அழிந்து, அதன் நகலும் வேறெங்கும் இல்லையென்றால், என்னால் மட்டுமல்ல, யாராலும் திறக்க முடியாது.

ஹோமைக் காப்பாற்றியவர்களும் முழுதாகத் தப்புவதில்லை. உபுண்டு 22.04 முதல் ஃபயர்பாக்ஸ் உலாவி, உபுண்டுவின் தனி மென்பொருள் பொதி வடிவமான ஸ்னாப்பாக வருகிறது. அதன் புத்தகக்குறிகள் ஹோமுக்குள் ஸ்னாப் அடைவில் இருக்கும். அதே ஹோமோடு மின்ட்டுக்கு மாறினால், மின்ட்டின் ஃபயர்பாக்ஸ் வழக்கமான இடத்தில் தேடி, ஒன்றும் இல்லாமல் திறக்கும். எல்லாம் போயிற்று என்று எண்ணி, ஸ்னாப் அடைவைக் குப்பை என்று அழித்துவிட்டு வந்தவர்கள் உண்டு. வழங்கி (சர்வர்) வைத்திருப்போருக்கும் ஒரு சொல்: போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் தரவு ஹோமில் இருப்பதில்லை. அதன் அடைவை அப்படியே நகலெடுத்தாலும், டெபியன் வழங்கலின் 12-ஆம் பதிப்போடு வந்த போஸ்ட்கிரஸ் 15-இல் இருந்த தரவை, டெபியன் 13-ஓடு வரும் போஸ்ட்கிரஸ் 17 நேரடியாகத் திறக்காது. பழைய இயங்குதளம் உயிரோடு இருக்கும்போதே தரவை ஏற்றுமதி செய்துவிடுங்கள்.

மாறுவதென்று முடிவு செய்துவிட்டால், மறைந்த கோப்புகளையும் சேர்த்து ஹோம் முழுவதையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். வேறொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை. நிறுவத் தொடங்கும் முன் அந்த டிஸ்க்கைக் கழற்றி விடுங்கள். எந்த டிஸ்க்கில் நிறுவுகிறீர்கள் என்பதைக் கொள்ளளவையும் மாடலையும் பார்த்து உறுதி செய்யுங்கள். நிறுவுவதற்காக லைவ் பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கும்போது டிஸ்க்குகளின் பெயர் வரிசை மாறக்கூடும். விண்டோஸும் கூட இருந்தால் கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனை பார்மட் செய்யாதீர்கள், விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை முன்பே எழுதி வையுங்கள். கையில் பணமிருந்தால் புதிய எஸ்எஸ்டி வாங்கி அதில் நிறுவிவிட்டுப் பழையதை ஒரு மாதம் மேசை இழுப்பறையில் வைத்திருங்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சொந்தக் கணினிக்குச் செய்வது இதைத்தான். வெறுமனே சுவைத்துப் பார்க்கும் ஆசை என்றால் மெய்நிகர் கணினி (இருக்கும் இயங்குதளத்துக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் கணினி) போதுமே.

தவறு நடந்துவிட்டதென்றால், தயவுசெய்து உடனே கணினியை அணைத்துவிடுங்கள். பழைய வழங்கலையே திரும்ப நிறுவினால் கோப்புகளும் திரும்பும் என்று எண்ணி மேலும் எழுதாதீர்கள். எங்களிடம் வரும்போது முன்பு எது இருந்தது, எத்தனை முறை நிறுவினீர்கள், மறையாக்கம் இருந்ததா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். "நான் ஒன்றும் செய்யவில்லை, தானாகவே போய்விட்டது" என்பதை நம்பித் தேடினால் முதல் நாள் முழுவதும் வீணாகிறது.