எரிவாயுக் கிணற்றுக்கு அருகே வீட்டுக் கிணறு: பென்சில்வேனியாவின் குடிநீர்ப் பாதுகாப்பு விதி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சுமார் 30 லட்சம் மக்கள் வீட்டுக் கிணற்று நீரை நம்பி வாழ்கிறார்கள். பொதுக் குடிநீர் வழங்கலுக்கு உள்ள தரக் கட்டுப்பாடு இக்கிணறுகளுக்கு இல்லை. நீரைச் சோதிப்பது உரிமையாளரின் பொறுப்பு. அதே மண்ணுக்குக் கீழேதான், மார்செல்லஸ் ஷேல் என்ற களிப்பாறை அடுக்கில், திரவத்தை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கும் நீரியல் விரிசல் முறையில் எரிவாயு எடுக்கப்படுகிறது. டீசல் கலந்த திரவத்தைப் பயன்படுத்தினாலொழிய, இம்முறைக்கு நடுவண் அரசின் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலத்தடி உட்செலுத்தல் விதிகளிலிருந்து 2005-ஆம் ஆண்டிலேயே விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது. ஆகவே வீட்டுக் கிணற்றுக்கு மாநிலச் சட்டமே முக்கியப் பாதுகாப்பாக நிற்கிறது.

அந்தச் சட்டம் 2012-இல் நிறைவேறிய சட்டம் 13. ஷேல் எரிவாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள் உள்ள நீராதாரம், துளையிடல், விரிசல் பணி ஆகியவற்றில் கடைசியாக நடந்தது முடிந்த 12 மாதங்களுக்குள் மாசடைந்தால், அதற்கு எரிவாயு எடுக்கும் நிறுவனமே காரணம் என்று சட்டம் அனுமானிக்கிறது. மாசுக்குத் தான் காரணமில்லை என்பதை நிறுவனம்தான் மெய்ப்பிக்க வேண்டும். வழக்கமான எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு இந்த எல்லை 1,000 அடி, 6 மாதம் மட்டுமே. தூரம் செங்குத்துத் துளையிலிருந்து அளக்கப்படுவதைக் கவனிக்க வேண்டும். அதிலிருந்து பக்கவாட்டில் திரும்பும் கிடைமட்டத் துளை நிலத்தடியில் ஒரு மைலுக்கு மேலும் நீளக்கூடும் என்பதால், அதற்கு நேர்மேலே இருக்கும் வீடு இந்த அனுமானத்துக்கு வெளியே நின்றுவிடலாம். இது விதியின் பெரிய குறை என்றே கருதுகிறேன்.

இந்த அனுமானத்தை முறியடிக்க நிறுவனத்துக்கு உள்ள முதன்மையான வழி, துளையிடுவதற்கு முன்பே மாசு இருந்தது என்று காட்டுவது. அதற்காகச் சான்று பெற்ற தனி ஆய்வகம் ஒன்றின் வழியாக அது முன்னாய்வு நடத்துகிறது. முடிவுகளின் நகல் மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறைக்கும் நில உரிமையாளருக்கும் வர வேண்டும். நிறுவனத்தின் மீதுள்ள அவநம்பிக்கையால் சிலர் மாதிரி எடுக்க வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த உணர்வு நியாயமானதுதான். ஆனால் அனுமதி மறுத்தால் அனுமானம் வலுவிழக்கக்கூடும், அதை நிறுவனம் எழுத்து மூலம் முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும். எனவே அவர்களை அனுமதித்து, அதே காலத்தில் சான்று பெற்ற வேறோர் ஆய்வகத்தில் தாமும் ஒரு சோதனை செய்துகொள்வதே பாதுகாப்பு. மாதிரியை ஆய்வக ஊழியரே எடுத்து, அது யார் யார் கைக்கு மாறியது என்ற விவரங்களையும் பதிவு செய்தால்தான் அது பின்னர் சான்றாக நிற்கும்.

எதைச் சோதிப்பது என்பதும் முக்கியம். மார்செல்லஸ் பாறையிலிருந்து மேலே வரும் உப்புநீரில் குளோரைடு, சோடியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம், புரோமைடு ஆகியவை மிகுதி. கரைந்த திடப்பொருட்களின் மொத்த அளவும் உயரும். இவற்றோடு இரும்பு, மாங்கனீசு, கலங்கல், அமில கார நிலை ஆகியவற்றையும் மீத்தேன், ஈத்தேன் வாயுக்களையும் சேர்க்க வேண்டும். மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில் துளையிடலுக்கு முன்பே பல கிணறுகளில் இயற்கையாக மீத்தேன் இருந்திருக்கிறது. முந்தைய அளவு தெரியாவிட்டால் பிந்தைய அளவைக் கொண்டு எதையும் நிறுவுவது கடினம். மீத்தேனின் ஆபத்து குடிப்பதில் இல்லை, மூடிய அறையில் சேர்ந்து தீப்பற்றுவதில் இருக்கிறது.

நீரின் நிறம், மணம், சுவை அல்லது அளவு மாறினால் உடனே துறைக்குப் புகார் தரலாம். புகார் கிடைத்த 10 நாட்களுக்குள் துறை விசாரணையைத் தொடங்கி, 45 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும். அனுமானம் பொருந்தும் இடத்தில், வேறு நீர் எளிதில் கிடைக்காத குடும்பத்துக்கு நிறுவனம் தற்காலிக நீர் தர வேண்டும். நிறுவனமே காரணம் என்று உறுதியானால், குடிநீர்த் தரத்துக்கு இணையான நீராதாரத்தை அது சீரமைத்தோ மாற்றியோ தர வேண்டும். முன்பிருந்த நீர் அத்தரத்தைவிட மேலானதாக இருந்திருந்தால், அந்த மேலான தரத்திலேயே தர வேண்டும். 12 மாதங்கள் கடந்தாலும் 2,500 அடிக்கு அப்பால் இருந்தாலும் இந்தக் கடமை மறைவதில்லை, புகார் தரும் உரிமையும் போவதில்லை. அனுமானத்தின் துணை இல்லாததால், எரிவாயுப் பணியே காரணம் என்பதை விசாரணையில் நிறுவ வேண்டியிருக்கும், அங்கேயும் முன்னாய்வு அறிக்கையே முதலில் கேட்கப்படும்.