காய்ந்தது வேறு, வெந்தது வேறு

இந்த மாதத்தில் பூச்சு உரிந்து என்னிடம் வந்ததில் இது மூன்றாவது வண்டி. பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த மேசி ஃபெர்குசன் 135. அப்பா ஓட்டிய டிராக்டர் என்று மகன் ஆறு மாதம் உழைத்துப் புதுப்பித்திருக்கிறார். பானெட்டின் சிவப்பைப் பார்த்தால் கண் நிறைகிறது. எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே விடும் இரும்புக் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பூச்சு வாழைச் சருகாக உரிந்து தொங்குகிறது.

"அண்ணே, பெயிண்ட் டப்பாவில் 600 டிகிரி என்றுதானே போட்டிருக்கிறது?" என்று கேட்டார்.

போட்டிருக்கிறது, தம்பி. ஆனால் அந்த எண் வெந்த பூச்சுக்கு உரியது, காய்ந்த பூச்சுக்கு அல்ல. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பெயிண்ட் சில மணி நேரத்தில் விரலில் ஒட்டாத நிலைக்கு வரும், அவ்வளவுதான். அப்போது டீசல் பட்டால் கரையும், நகம் பட்டால் பெயர்ந்து வரும். வனைந்து நிழலில் உலர்த்திய பானையில் தண்ணீர் ஊற்றுவீர்களா? சூளையில் வெந்தால்தானே அது பானை. இந்தப் பெயிண்டுக்கும் சூளை வேண்டும், அதுவும் படிப்படியாக. பொதுவாக 120 டிகிரி அளவில் அரை மணி நேரம், ஆறவிட்டு 200, மறுபடி ஆறவிட்டு 300ஐத் தாண்டி. உங்கள் டப்பாவில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பூசிய மறுநாளே முழுச் சுமையில் இழுத்தால், உள்ளே தங்கிய தின்னர் (பெயிண்டை இளக்கும் திரவம்) கொதித்துப் பூச்சைக் குமிழாகத் தூக்கிவிடும். ஐட்லிங்கில், அதாவது வண்டியை நிறுத்தி எஞ்சினை மெதுவாக, மட்டும் ஓடவிட்டாலும் வேகாது. சுமையில்லாத டீசல் எஞ்சினின் புகை அவ்வளவு சூடாவதில்லை. முதலில் ஐட்லிங், நன்றாக ஆறட்டும். அடுத்து லேசான சுமை, மறுபடி ஆறட்டும். அதற்குப் பிறகுதான் வயல். சமையலறை ஓவனில் வேகவைக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. சோறு ஆக்கும் இடத்தில் அந்தப் புகை எதற்கு?

எஞ்சின் பிளாக்குக்கு இந்தப் பாடு இல்லை. உள்ளே தண்ணீர் சுற்றுவதால் அது 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நல்ல எஞ்சின் எனாமல் போதும். அதே எனாமலை மேனிஃபோல்டுக்கும் இழுத்துவிடுவதுதான் தவறு. அங்கே சுமையில் 400, 500 டிகிரி சாதாரணம்.

சாதாரண பிரைமர் என்ற அடிப்பூச்சும் மேனிஃபோல்டில் வேண்டாம். பிரைமர் கருகிப்போனால் மேலே இருப்பது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? உறுதிக்கென்று நான்கு முறை தடிமனாகப் பூசாதீர்கள். மெல்லிய இரண்டு பூச்சுதான் நிலைக்கும். வார்ப்பிரும்பு ஐம்பது ஆண்டுகளாகக் குடித்த எண்ணெயை ஒரே கழுவலில் கக்காது. கழுவிச் சூடாக்கினால் வியர்வைபோல் வெளியே வரும். துடைத்து மறுபடி கழுவ வேண்டும். பிளாஸ்டிங் செய்த, அதாவது மணல் போன்ற துகளை வேகமாக அடித்துச் சுத்தம் செய்த, இரும்பைப் பினாங்குக் காற்றில் ஓர் இரவு வைத்தாலே காலையில் செம்மண் நிறம் ஏறிவிடும். அன்றைக்கே பூசுங்கள்.

சீக்கிரம் காயட்டும் என்று சூடான எஞ்சின்மேல் ஸ்பிரே அடிக்கிறவர்களே, தின்னர் ஆவி தீப்பிடிக்கும். நிறுத்துங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பைச் சூடாக்குவதும் ஆபத்து. பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகலாம். பூச்சு வேகும்போது புகை வரும், ஆகவே வண்டியைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள். இந்தத் தம்பி மழைக்குப் பயந்து கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டியிருக்கிறார். பக்கத்தில் ஐந்து வயது மகள். கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

மேனிஃபோல்டைக் கழற்றியதும், ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டை (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகட்டை) அவர் வயர் பிரஷ்ஷால் தேய்க்கப் போனார். கையைப் பிடித்துவிட்டேன். அந்தக் காலத்துக் கேஸ்கெட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தயவுசெய்து உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நனையுங்கள், தூசிக்கு ஏற்ற முகமூடியைப் போடுங்கள், மெல்லப் பெயர்த்துப் பையில் கட்டுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.