தாலி கட்டும் கையில் சீப்புப் பற்கள்

கல்லடியில் அம்மம்மாவின் அலுமாரிக்குள் மாமாவின் கலியாண வீட்டு டிவிடி கிடந்தது. பிளேயர் பழுதாகிப் பல காலம். "இந்த டெப்புக்குள்ள போட்டுத் தா மனே, படுத்துக்கிடந்து பாப்பன்" என்று டேப்லெட்டைக் காட்டிக் கேட்டார்.

டிவிடியின் ஒவ்வொரு படத்திலும் 720 × 576 புள்ளிகள். விநாடிக்கு 25 படங்கள். சுருக்காமல் எழுதினால் 4.7 ஜிபி தட்டில் சுமார் 5 நிமிடம்தான் அடங்கும். அதனால் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கியே எழுதுகிறார்கள். மணவறை அசையாது, ஐயரின் கைதான் அசைகிறது. முழுப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களுக்கு அசைந்ததை மட்டும் குறித்தால் போதும். அறுகரிசி தூவும்போதுதான் சிக்கல்! ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு பக்கம் பறக்க, படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

2003இல் வந்த எச்.264 என்ற புதிய சுருக்கும் முறை அசைவை இன்னும் சிறிய கட்டங்களாகப் பிரித்துத் தேடும். ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தெளிவு கிடைக்கும். பெரும்பாலான டெப்களில் இதை விரிப்பதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருப்பதால் பட்டரியும் தாங்கும்.

ஹான்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாற்றினேன். முதல் தடவை தாலி கட்டும் இடத்தில் நிறுத்திப் பார்த்தால், மாமாவின் கையோரம் முழுக்கச் சீப்புப் பல் போலக் கோடுகள். தட்டில் பழுதில்லை. பழைய குழாய்த் தொலைக்காட்சிக்காகக் கமெரா ஒரு படத்தை இரண்டு பாதியாக எடுத்திருக்கிறது: முதலில் ஒற்றை வரிகள் 288, விநாடியில் 50இல் ஒரு பங்கு கழித்து இரட்டை வரிகள் 288. அந்த இடைவெளிக்குள் கை நகர்ந்துவிடுகிறது. டெப் இரண்டு பாதியையும் ஒன்றாகக் காட்ட, கை இருந்த இடமும் போன இடமும் வரிக்கு வரி பின்னிக்கொள்கின்றன.

இதற்கு, பின்னிய வரிகளைப் பிரித்துச் சீராக்கும் 'டீஇன்டர்லேஸ்' வடிகட்டியைப் போட வேண்டும். ஒவ்வொரு பாதியையும் தனிப் படமாக விரித்து விநாடிக்கு 50 படமாக்குவதே எனக்குப் பிடித்தது. கையசைவு வழுக்கிக்கொண்டு போகும். தர எண்ணை 20இல் வைத்தேன். எண் குறைந்தால் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். படத்தின் அளவை 1080 வரியாக்க வேண்டாம். தட்டில் இல்லாத நுணுக்கம் பெரிதாக்கினால் வந்துவிடாது. சுருக்கியதைத் திரும்பச் சுருக்குவதால் கொஞ்சம் இழப்பும் உண்டு. மூலத்தட்டை எறியாமல் அப்படியே ஒரு கொப்பியும் எடுத்து வையுங்கள்.

இரண்டாம் தடவை அம்மம்மாவே தாலி கட்டும் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். கையோரம் சுத்தமாக இருந்தது. அவர் கையைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற தன் தங்கச்சியைக் காட்டினார்.