ரெட் சிண்ட்ரோம்: கற்றதை இழக்கும் குழந்தை

ரெட் சிண்ட்ரோம் என்னும் மூளை வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெண் குழந்தை பிறந்த முதல் ஆறு மாதங்களில் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்கிறது. தலை நிற்பதும், முகம் பார்த்துச் சிரிப்பதும், பொருளை எட்டிப் பிடிப்பதும் ஏறக்குறைய உரிய காலத்தில் நிகழ்வதால், ஐயப்பட யாருக்கும் காரணம் இருப்பதில்லை. 6 முதல் 18 மாதங்களுக்குள் வளர்ச்சி மெல்லத் தேங்குகிறது. அதன்பின் வருவதே இந்நோயின் முதன்மையான அடையாளம்: கிலுகிலுப்பையைத் தானே எடுத்து ஆட்டிய குழந்தை இப்போது அதைப் பார்க்கிறது, ஆனால் கை நீட்டுவதில்லை, பேசிவந்த ஓரிரு சொற்களும் நின்றுபோகின்றன. தாமதமாகக் கற்கும் குழந்தைகள் பலர் உண்டு. கற்றதை இழக்கும் குழந்தையை மட்டும் 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விட்டுவைக்கவே கூடாது.

கைகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து, கழுவுவதுபோலப் பிசைவதும், முறுக்குவதும், தட்டுவதும், வாயில் வைப்பதும் விழித்திருக்கும் நேரத்தில் ஓயாமல் தொடர்ந்து, உறக்கத்தில் அடங்கிவிடும். வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஆண்ட்ரியாஸ் ரெட், சிறுமியரிடம் திரும்பத் திரும்பக் கண்ட இந்த அசைவைத் தொடர்ந்து ஆராய்ந்து 1966-இல் எழுதினார். ஆனால், ஸ்வீடனின் பெங்ட் ஹாக்பெர்க் குழுவினர் 1983-இல் 35 சிறுமியரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகே மருத்துவ உலகம் பரவலாகத் திரும்பிப் பார்த்தது.

தலைச்சுற்றளவு வளரும் வேகம் குறைதல், தள்ளாடும் நடை, விழித்திருக்கும்போது மூச்சை அடக்குதல் அல்லது வேகமாக மூச்சுவிடுதல், பின்னாளில் வலிப்பு, முதுகெலும்பு வளைதல் ஆகியவையும் சேரலாம். திறன்களை இழக்கும் பருவத்தில் குழந்தை பிறரிடமிருந்து விலகியிருப்பதால், முதலில் ஆட்டிசம் என்று கருதப்படுவதுண்டு. அப்பருவம் கடந்தபின் பல சிறுமியர் கண்களாலேயே உறவாடுவது இதனை வேறுபடுத்திக் காட்டும்.

பெரும்பாலோரிடம் காரணம் எக்ஸ் குரோமோசோமிலுள்ள எம்இசிபி2 மரபணுவின் பிறழ்வு. இது 1999-இல் கண்டறியப்பட்டது. இம்மரபணு உருவாக்கும் புரதம் நரம்பணுக்களில் வேறு பல மரபணுக்களின் செயல்பாட்டை ஒழுங்குபடுத்துகிறது. பெண்ணின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று அடங்கிவிடுவதால், சில அணுக்கள் நல்ல பிரதியோடும் சில பிறழ்ந்த பிரதியோடும் இயங்குகின்றன. ஒரே நோய் ஒரு சிறுமியை நடக்கவிட்டு இன்னொருத்தியை முடக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இப்பிறழ்வு அநேகமாக எப்போதும் புதிதாகத் தோன்றுவது. பரம்பரையாக வருவது மிக அரிது. ஆகவே கருவுற்றிருந்தபோது தாய் செய்தது, செய்யாதது என்று எதையும் கிளறுவதில் பொருளில்லை.

ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்யலாம். பிறழ்வு தென்படாவிட்டாலும் அறிகுறிகளைக் கொண்டே மருத்துவர் நோயை உறுதிசெய்ய முடியும். அதற்குக் குழந்தையின் பழைய காணொளிகள் மிகவும் உதவும், ஏனெனில் இழப்பை நிறுவ, முன்பு அத்திறன் இருந்தது தெரிந்தாக வேண்டும்.