எல்.எல்.ஆர். எதற்கு அனுமதி தருகிறது, எதற்குத் தரவில்லை: இரு சக்கர வாகன ஓட்டுநர் உரிமம் பற்றிய விளக்கம்

இரு சக்கர வாகனம் ஓட்டப் பழகுபவருக்கு முதலில் கிடைப்பது பழகுநர் உரிமம். பேச்சில் அதை எல்லோரும் எல்.எல்.ஆர். என்றே சொல்கிறோம். அது கைக்கு வந்த மறுநாளே தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கும் வேலைக்கும் போகத் தொடங்குவது தமிழ்நாட்டில் பரவலான வழக்கமாக இருக்கிறது. சட்டம் அதற்கு இடம் தரவில்லை. வழியில் காவலர் நிறுத்தினால் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் எந்த விதியை எடுத்துக் காட்டும் என்பதைப் பெரும்பாலும் அறிந்திருப்பதில்லை. ஆகவே உரிமம் பெறும் நடைமுறையைச் சொல்லும் இவ்விளக்கம் பழகும் காலத்துக்கே கூடுதல் இடம் தருகிறது.

அடிப்படைச் சட்டம் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். நடைமுறைகள் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளன. சட்டத்தின் 3ஆவது பிரிவு, உரிய உரிமம் இல்லாத எவரும் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது என்கிறது. பொது இடம் என்பது தார்ச்சாலை மட்டுமன்று. பொதுமக்கள் சென்று வரும் உரிமையுள்ள தெரு, பாதை, திடல் அனைத்தும் அதில் அடங்கும். எனவே ஆள் நடமாட்டம் குறைந்த மனைப்பிரிவுச் சாலையில் பழகினாலும் எல்.எல்.ஆர். இருந்தாக வேண்டும். வேலியிட்ட சொந்த நிலத்துக்குள் பழகுவது வேறு செய்தி.

வயது வரம்பு 18. எஞ்சின் கொள்ளளவு 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை மட்டும் 16 வயது முடிந்தவர் ஓட்டலாம். கியர் இல்லாத அத்தகைய வண்டிக்கான பழகுநர் உரிமத்தைப் பெறப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துமூலமான ஒப்புதல் வேண்டும். ஆனால் இன்று நம் தெருக்களில் ஓடும் பெட்ரோல் வண்டிகளில் இந்த வரம்புக்குள் வருவது எதுவும் இல்லை என்றே சொல்லலாம். மொபெட் என்று எளிதாக நினைக்கப்படும் டிவிஎஸ் எக்ஸ்.எல். 100 கூட ஏறத்தாழ 100 சி.சி. வண்டி. பதினோராம் வகுப்பு மாணவருக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு, பதினாறு வயதுக்கும் உரிமம் உண்டே என்று சொல்லும் பெற்றோர் இந்தச் சலுகையைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

மின்சார ஸ்கூட்டரிலும் இதே குழப்பம் இருக்கிறது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, விதிகள் கூறும் மற்ற வரையறைகளுக்கும் உட்பட்ட மின்வண்டியைச் சட்டம் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. அதற்குப் பதிவு எண்ணோ உரிமமோ தேவையில்லை. அந்த வரையறையைத் தாண்டிய மின்சார ஸ்கூட்டர் எதுவாயினும், சத்தமே இல்லாமல் போனாலும், அது மோட்டார் வாகனமே.

விண்ணப்பிக்கும் முன் முடிவு செய்ய வேண்டியது வண்டியின் வகை. கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என இரண்டும் உரிமத்தில் தனித்தனி வகைகள். ஸ்கூட்டரில் தேர்வு கொடுத்தவருக்குக் கியர் இல்லாத வகைக்கே உரிமம் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு பைக் ஓட்டினால், அந்த வண்டியைப் பொறுத்தவரை உரிமம் இல்லாமல் ஓட்டியதாகவே ஆகும். பின்னாளில் கியர் வண்டியைச் சேர்க்க விரும்பினால், அந்த வகைக்குத் தனியாகப் பழகுநர் உரிமம் எடுத்து, மறுபடியும் காத்திருந்து தேர்வுக்குப் போக வேண்டும். கியர் வண்டி ஓட்டும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் முதலிலேயே அந்த வகைக்கு விண்ணப்பிப்பது அலைச்சலைக் குறைக்கும் என்பது என் கருத்து.

விண்ணப்பம் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் உள்ள சாரதி பகுதியில் செய்யப்படுகிறது. தமிழ்நாட்டில் 2024 மார்ச் முதல் இ-சேவை மையங்கள் வழியாகவும் எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். வயதுக்கும் முகவரிக்கும் சான்று வேண்டும். உடல்தகுதி பற்றி விண்ணப்பதாரரே தரும் உறுதிமொழி படிவம் 1 எனப்படுகிறது. பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவில் உள்ள வண்டியின் எண்பலகையைக் கண்ணாடி அணிந்தோ அணியாமலோ படிக்க முடிகிறதா என்பது அதில் உள்ள கேள்விகளுள் ஒன்று. கையொப்பமிடும் முன் வாசலில் நின்று ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். நாற்பது வயதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் படிவம் 1ஏ சான்றும் பெற வேண்டும். மத்திய விதிகளின்படி பழகுநர் உரிமத்துக்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50 ரூபாய், ஓட்டுநர் தேர்வுக்கு ஒரு வகைக்கு 300 ரூபாய், உரிமம் வழங்க 200 ரூபாய் என்பவை அடிப்படைக் கட்டணங்கள். இவற்றுடன் மாநில அரசின் சேவைக் கட்டணம் சேரும். இடைத்தரகர் கேட்கும் தொகையை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே மீதி எதற்காக என்பது விளங்கும்.

எல்.எல்.ஆர். தேர்வு கணினியில் நடக்கிறது. போக்குவரத்துக் குறியீடுகள், சாலை விதிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள், ஆளில்லா ரயில்வே கடவையைக் கடக்கும் முறை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து வினாக்கள் வரும். 60 விழுக்காடு சரியாக இருந்தால் தேர்ச்சி. ஏற்கெனவே கார் போன்ற வேறு வகைக்கு நடப்பில் உள்ள உரிமம் வைத்திருப்பவருக்கு இந்த வினாத் தேர்வு இல்லை. ஆனால் இரு சக்கர வாகனத்துக்கான பழகுநர் உரிமமும் ஓட்டும் தேர்வும் அவருக்கும் உண்டு.

இனி, எல்லோரும் தாண்டிப் போகும் மூன்றாவது விதிக்கு வருவோம். பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் பொது இடத்தில் வண்டி ஓட்டுவதற்கு விதி 3 மூன்று நிபந்தனைகளை வைக்கிறது. முதலாவது, உரிமம் நடப்பில் இருக்க வேண்டும்; அதன் ஆயுள் ஆறு மாதம். இரண்டாவது, அந்த வகை வண்டியை ஓட்ட நடப்பு உரிமம் உள்ள ஒருவர் கற்பிப்பவராக உடன் இருக்க வேண்டும்; வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் அவர் அமர்ந்திருக்க வேண்டும். மூன்றாவது, வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிறத்தில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்துள்ள பலகை இருக்க வேண்டும். பலகையின் பக்கம் 18 சென்டிமீட்டருக்கும், எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டருக்கும் குறையக் கூடாது. மோட்டார் சைக்கிளில் பழகுபவர், கற்பிப்பவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. நண்பரை ஏற்றிக்கொண்டு போவது, அந்த நண்பரிடம் உரிமம் இல்லையென்றால், இந்த விதியை நேரடியாக மீறுவதாகும்.

பின்னிருக்கையில் அமர்ந்தவர் கால் பிரேக்கை எப்படி மிதிப்பார் என்ற கேள்வி நியாயமானதே. காரில் பக்கத்து இருக்கையில் அமரும் பயிற்றுநரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதியைப் பைக்குக்கும் நீட்டியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விதி பொருத்தமாக எழுதப்படவில்லை என்பது அதை மீறியவருக்குக் காப்பாகாது. காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, யார் ஓட்டலாம் என்று கூறும் பகுதியைப் படித்துப் பாருங்கள்: நடப்பில் உள்ள பழகுநர் உரிமம் வைத்திருப்பவரும் ஓட்டலாம், ஆனால் அவர் 1989ஆம் ஆண்டு விதிகளின் 3ஆவது விதியை நிறைவு செய்திருக்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கும். உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு உரிய 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பிலும் இதே விதி குறிப்பிடப்படுகிறது.

பழகுநர் உரிமமும் சட்டத்தின் பார்வையில் ஓர் உரிமமே என்று உச்ச நீதிமன்றம் 2004இல் நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் சுவரண் சிங் வழக்கில் தெளிவுபடுத்தியது. எல்.எல்.ஆர். மட்டுமே வைத்திருந்தார் என்ற ஒரே காரணத்தைக் காட்டி நிறுவனம் ஒதுங்கிவிட முடியாது. ஆனால் பத்திரத்தின் நிபந்தனை மீறப்பட்டதாக மெய்ப்பிக்கப்பட்டால், அடிபட்ட மூன்றாம் நபருக்கு இழப்பீட்டை முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டுப் பிறகு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிட இடம் இருக்கிறது. தனியாக ஓட்டிச் சென்ற மகனுக்காகத் தந்தையின் பெயரில் வசூல் ஆணை வரக்கூடும் என்பது இதன் நடைமுறைப் பொருள்.

பழகுநர் உரிமம் கிடைத்து 30 நாள் முடிந்த பிறகே ஓட்டும் தேர்வுக்குச் செல்ல முடியும். அந்த முப்பது நாளும் வெறுமனே காத்திருப்பதற்காகக் கொடுக்கப்பட்டவை அல்ல. ஆறு மாதத்துக்குள் தேர்ச்சி பெறாவிட்டால் மறுபடியும் பழகுநர் உரிமத்திலிருந்து தொடங்க வேண்டும். ஐந்தாவது மாதக் கடைசியில் இணையத்தில் தேதி பதிவு செய்ய முயல்பவர்களுக்கு இடம் கிடைக்காமல் போவது உண்டு.

தேர்வு நாளில், விண்ணப்பித்த வகையைச் சேர்ந்த வண்டியைப் பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தேர்வுத் திடலுக்குக் கொண்டு செல்ல வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் போனால் திரும்பத்தான் வேண்டியிருக்கும். தேர்வை நடத்துபவர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஊர்ப்பக்கங்களில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் பலருக்கும் புரியும். அவர் முக்கியமாகப் பார்ப்பது எட்டு. தரையில் குறித்த எட்டு வடிவத் தடத்தில், கால் ஊன்றாமலும் கோட்டைத் தாண்டாமலும் வண்டியைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும்.

வேகமாக ஓட்டத் தெரிந்த பலர் எட்டில் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. வேகத்தில் வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கும். மெதுவாகப் போகும்போதுதான் சமநிலையை ஓட்டுபவர் காப்பாற்ற வேண்டும். கியர் வண்டியானால் முதல் கியரில் அரை கிளட்ச் பிடித்து, ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்துக்கொண்டு, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் லேசாகக் குறைக்க வேண்டும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல், அடுத்துத் திரும்ப வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். ஸ்கூட்டரில் கிளட்ச் இல்லாததால் ஆக்சிலரேட்டரையும் பின் பிரேக்கையும் சேர்த்துக் கையாளும் பழக்கம் வேண்டும். வளைவுகளுக்கிடையே திருப்பக் குறியீடு காட்டச் சொல்வதும் உண்டு.

எட்டு போட்டுவிட்டால் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று ஆகாது. விதி 15 தேர்வரிடம் எதிர்பார்ப்பது இதைவிட விரிவானது: கண்ணாடியைச் சரிசெய்து பின்னால் பார்ப்பது, இடப்பக்கம் ஒட்டிச் செல்வது, உரிய நேரத்தில் சைகை காட்டுவது, பாதுகாப்பாக முந்துவது, பாதசாரிகள் கடக்கும் இடத்தில் கவனமாக இருப்பது, திடீரென நிறுத்த வேண்டியபோது நிறுத்துவது ஆகியவை அதில் உள்ளன. திடலுக்குள் சில நிமிடங்களில் முடியும் தேர்வில் இவற்றில் பலவற்றைப் பார்க்க வழியில்லை. ஆகையால் அந்த முப்பது நாளில் எட்டை மட்டும் பழகாமல், கற்பிப்பவரைப் பின்னால் அமர்த்தி மாலை நேரப் போக்குவரத்திலும் பழகுவதே முறையானது.

தேர்ச்சி பெறாதவர் ஏழு நாளுக்குப் பிறகு மறுபடி வரலாம். மூன்று முறையும் தேறாவிட்டால், கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பயிற்சிப் பள்ளியில் திருத்தப் பயிற்சியும் பெற வேண்டும். பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத் தேர்வே இல்லை என்று 2024 ஜூன் மாத வாக்கில் செய்தி பரவியது. விதிகளில் புதிதாக எதுவும் மாறவில்லை என்று மத்திய அமைச்சகம் அப்போதே விளக்கியது. தேர்விலிருந்து விலக்கு என்பது 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டுமே. தெருமுனையில் இருக்கும் சாதாரணப் பயிற்சிப் பள்ளி தரும் படிவம் 5 சான்று அந்த விலக்கைத் தருவதில்லை.

தேர்ச்சிக்குப் பின் உரிமம், தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல், விரைவு அஞ்சலில் வீட்டுக்கே அனுப்பப்படுகிறது. விண்ணப்பத்தில் முகவரியும் அலைபேசி எண்ணும் பிழையின்றி இருக்க வேண்டும். டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ள மின்னணு உரிமம் அட்டைக்குச் சமமாகச் செல்லும். 30 வயதுக்குள் பெற்ற உரிமம் 40 வயது வரையிலும், 30 முதல் 50 வயதுக்குள் பெற்றது 10 ஆண்டுக்கும், 50 முதல் 55 வயதுக்குள் பெற்றது 60 வயது வரையிலும், அதற்கு மேல் பெற்றது 5 ஆண்டுக்கும் செல்லும். காலாவதியான பிறகு முன்பு இருந்த 30 நாள் சலுகை 2019 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. ஓராண்டுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். அப்படி ஓட்ட வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தண்டனை உண்டு. ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் பிரிவு 199ஏ பொருந்தும். பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறுவருக்கோ சிறுமிக்கோ 25 வயது முடியும்வரை பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது.